நான் கட்டிவிட்ட பேய்

நகராட்சி எனக்குத் தந்தது
ஒரு டார்ச், ஒரு விசில்,
பேட்டரி செத்த வாக்கிடாக்கி.
காக்கவேண்டியது,
வெடியுப்புச் சுரங்கம் மூடியதும்
ஊரே எழுந்து போய்விட்ட பாலையில்
எழ முடியாமல் தங்கிவிட்ட
நானூற்றுப் பதினொரு பேரை.

ஆளைத் திருட யார் வருவார்?
சிலுவையைத் திருடுவார்கள்.
பழைய தண்டவாளத்தை அறுத்துச் செய்தவை.
இகீகேயில் எடைக்கு எடுக்கும் கடை உண்டு.
முதல் மாதமே பதினேழு போயிற்று.
விசில் ஊதினேன்.
அட்டகாமாவில் விசில்
உப்பில் விழுந்த துளி.

பேய்கள் அங்கே முன்பே இருந்தன,
பொய் சொல்லக்கூடாது.
தண்டவாளம் பெயர்த்த பிறகும்
மூன்றரை மணிக்குக் கூவும் ரயில்.
வெடியில் கை போனவன் ஒருவன்,
சம்பள வில்லைகளை எண்ணித் தரச் சொல்லி
லாரிக் கண்ணாடியைத்
தோளால் தட்டுவான்.
எல்லாம் கிழட்டுப் பேய்கள்.
திருடர்கள் அவற்றோடு வளர்ந்தவர்கள்.
ரயில் கூவினால்
கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள்.

நெடுஞ்சாலை உணவகத்தில்
சூப்பை ஊதி ஊதிக் குடித்தபடி
எலாதியோவிடம் சொன்னேன்:
பெயர் ரொசெந்தா. சலவைக்காரி.
சிலுவையை அசைத்தவன் வீட்டுக்கு
ஈரத்துணியோடு வருவாள்.
ஒன்றும் செய்யமாட்டாள்.
கொடியில் காயப்போட்டுவிட்டுப் போவாள்.
விடிந்து பார்த்தால் ஒரு சட்டை.
அவன் அளவு.
அவன் இன்னும் வாங்காத சட்டை.

தண்ணீரைக் காசுக்கு வாங்கும் ஊரில்
ஈரம் என்றாலே வயிறு கலங்கும்.
எலாதியோ கரண்டியைக் கீழே வைத்தான்.
எதற்கோ, இதையும் சேர்த்தேன்:
இடது கண்ணில் பூ விழுந்தவள்.

கதை அவன் லாரியில் ஏறிக்
கலாமா போயிற்று, அந்தோஃபகஸ்தா போயிற்று.
திரும்பி வந்தபோது
அவளுக்கு ஒரு நாய் இருந்தது.
நான் நாயைப் பற்றிப் பேசவே இல்லை.

ஜூலையில் ஒரு காலை
வாசற்கம்பியில் சாய்ந்து நின்றன
செய்தித்தாள் சுற்றிய இரண்டு சிலுவைகள்.
சிரித்தேன். யாருமில்லை, சத்தமாகவே சிரித்தேன்.

நவம்பர் முதல் தேதி
பேருந்துகள், பீர், ஊதுகுழல் குழு,
உறவினர் தோள்களில் தகர மலர்வளையங்கள்.
மழை தெரியாத மண்ணில்
பூ என்றால் தகரம்தான்.
எல்லோரும் அவரவர் மேட்டுக்குப் போனபின்
ஒருத்தி மட்டும் நின்றாள்.
தொக்கொப்பியாவிலிருந்து. ஒதிலியா வில்கா.
மீன் ஆலைச் சீருடை, மீன் டின்னை வெட்டிச்
செய்த ரோஜாக்கள்.
"ரொசெந்தா எங்கே கிடக்கிறாள்?
என் பெரியம்மா."

நாக்கு ஒட்டிக்கொண்டது.
எந்தக் கண், என்றேன்.
இடது, என்றாள்,
இதைக்கூடவா தெரியாமல் காவல் காக்கிறாய் என்பதுபோல.

சொல்லியிருக்கலாம்.
இரவு முழுக்க விழித்து வந்த முகம் அது.
ஏழாம் வரிசையில்
சிலுவை களவுபோன, பெயரற்ற மேடு ஒன்றைக் காட்டினேன்.
மண்டியிட்டுக் கம்பியால் ரோஜாக்களைக் கட்டினாள்.
பீரில் பாதியை மண்ணுக்கு ஊற்றினாள்,
மீதியை எனக்கு நீட்டினாள்.
குடித்தேன்.

திரும்பி வந்த சிலுவைகளில் ஒன்றை
அன்றிரவே அங்கே நட்டேன்.
தாரில் பெயர் எழுதினேன்.
அது யாருடைய சிலுவை,
ஏழாம் வரிசையில் உண்மையில் யார்,
தெரியாது.
இந்த மண் யாரையும் தின்பதில்லை,
மீசைகூட அப்படியே இருக்கும் என்பார்கள்.
தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.
தோண்டமாட்டேன்.

கடற்பனி ஏறிவரும் இரவுகளில்
தகர ரோஜாக்கள் ஒன்றையொன்று தட்டும்.
நாய்ச்சங்கிலிச் சத்தம் போலிருக்கும். காற்றுதான்.

என் கொட்டகைக்குப் பின்னால்
ஒரு கொடிக்கயிறு கட்டியிருந்தேன்.
அவிழ்த்துவிட்டேன்.
சட்டையை இப்போது
கல்லின்மேல் விரித்துக் காயவைக்கிறேன்.